சோதனைச் செலவை யார் கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு உபயோகப் பொருள்களை வாங்குவதற்கு முன் காசு கொடுத்து மதிப்பாய்வு படிப்பது தேவைதானா என்ற விவாதம் தங்கள் வாசகர் பகுதியில் சில வாரங்களாக நடந்து வருகிறது. யூடியூபில் இலவசமாகவே எத்தனையோ பேர் சொல்கிறார்கள், இணையக் கடைகளில் வாங்கியவர்களே நட்சத்திரம் போட்டு எழுதுகிறார்கள், பிறகு எதற்குச் சந்தா என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். சில பொருள்களுக்கு அந்தப் பணம் வீண், சில பொருள்களுக்குக் கட்டாயம் தகும், தகும் இடத்திலும் அதை ஒவ்வொரு வீடும் தனித்தனியாகக் கட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால், எனக்குப் பழக்கமான தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியை வைத்தே இதை விளக்க முயல்கிறேன்.

ஆர்.ஓ. கருவி, அதாவது நீரைச் சவ்வு வழியாக அழுத்தி உப்புகளை நீக்கும் கருவி, விற்க வீடு தேடி வருகிறவர்கள் செய்து காட்டும் ஒரு வித்தையை வாசகர்கள் பலர் பார்த்திருப்பார்கள். ஒரு கண்ணாடித் தம்ளரில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரையும் இன்னொன்றில் அவர்கள் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீரையும் ஊற்றி, உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு சாதனத்தை இரண்டிலும் இறக்கிச் சுவிட்சைப் போடுவார்கள். சற்று நேரத்தில் குழாய்த் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகக் கலங்கித் துரு நிறத்தில் நுரை கட்டும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே நிற்கும். ‘இதைத்தானே சார் பேரப்பிள்ளைகள் தினமும் குடிக்கிறார்கள்’ என்ற கேள்வி அந்த நேரம் பார்த்து வரும். உண்மையில் அங்கே கலங்கி வந்தது தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல, கம்பியில் இருந்த இரும்பு. உப்புகள் கரைந்த நீரில் மின்சாரம் பாயும்போது நேர்மின்வாயாக உள்ள இரும்புக் கம்பி கரைந்து, இரும்பு ஹைட்ராக்சைடாக வீழ்படிவாகிறது; உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் சரியாகப் பாயாததால் கம்பி கரைவதில்லை. அவர்களுடைய ஆர்.ஓ. தண்ணீரிலேயே ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு மறுபடி சுவிட்சைப் போடச் சொன்னால் அதுவும் இதேபோல் கலங்கிவிடும். (சொல்லிப் பாருங்கள், வந்தவருக்கு உடனே வேறு வீட்டு வேலை நினைவுக்கு வரும்.)

இதற்கு அடுத்தபடியாக டிடிஎஸ் மீட்டரை எடுப்பார்கள். அது நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மின்கடத்துதிறனைக் கொண்டு கணித்துக் காட்டும் கருவியே தவிர, அதில் கிருமி இருக்கிறதா என்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. சாக்கடை கசிந்து கலந்த நீரும் மீட்டரில் குறைந்த எண்ணைக் காட்டலாம். பல தலைமுறைகள் குடித்து வந்த, கிருமியற்ற கிணற்று நீர் அதிக எண்ணைக் காட்டலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, கரைந்த திடப்பொருள்களுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 மில்லிகிராம் வரை அனுமதிக்கத்தக்க அளவாகவும் வைத்திருக்கிறது. 500-க்குக் கீழ் உள்ள நீருக்கு ஆர்.ஓ. பயன்படுத்துவதைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டதும், அந்தக் கருவிகள் ஒரு பங்கு நீரைத் தருவதற்குப் பல பங்கு நீரைக் கழிவாக வெளியேற்றுகின்றன என்பதால்தான்.

இந்தக் கருவியை வாங்கியவர்கள் எழுதும் மதிப்பீடுகளைப் படித்தால், பொருத்த வந்த ஆள் சொன்ன நேரத்துக்கு வந்தார், தண்ணீர் இனிக்கிறது, சமையலறைக்கு எடுப்பாக இருக்கிறது, சர்வீசுக்கு அழைத்தால் போனை எடுப்பதில்லை என்ற செய்திகள் கிடைக்கும். இவை பொய்யல்ல, பயனற்றவையும் அல்ல. ஆனால் கருவி எதற்காக வாங்கப்படுகிறதோ அந்த ஒன்றைப் பற்றி, அதாவது கிருமியை அது நீக்குகிறதா, ஆறு மாதம் கழித்தும் அதே அளவுக்கு நீக்குகிறதா என்பதைப் பற்றி, வாங்கியவர் ஒரு சொல்லும் சொல்ல முடியாது, ஏனென்றால் அவருக்கே அது தெரியாது. மிக்சியின் ஜாடி கசிந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். கிரைண்டரில் மாவு சூடேறினால் அன்று மாலையே தெரிந்துவிடும். இவற்றுக்கெல்லாம் பக்கத்து வீட்டு அம்மாவும் தெருமுனையில் மோட்டாருக்கு வைண்டிங் கட்டுகிறவரும் சொல்வதே போதும், சந்தா கட்ட வேண்டியதில்லை. தண்ணீர்க் கருவி, குக்கரின் சேஃப்டி வால்வு, ஹெல்மெட், கொசுவிரட்டி, குழந்தைகளுக்கான கார் இருக்கை போன்றவற்றின் தரம் பயன்படுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியதல்ல. அல்லது தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். நட்சத்திரங்களின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதானாலும் இங்கே உதவாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கர்கள் இரண்டு பெரிய இணையக் கடைகளில் விற்பனையானதற்காக 2022 ஆகஸ்டில் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அதை வெளிக்கொண்டு வந்தது எந்த வாடிக்கையாளரின் நட்சத்திரமும் அல்ல, தானாக முன்வந்து நடவடிக்கை எடுத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம்தான்.

ஒரு தண்ணீர்க் கருவியை முறையாகச் சோதிக்க என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் சந்தா எதற்கு என்பது விளங்கும். நிறுவனம் தேர்ந்தெடுத்து அனுப்பிய கருவியை விட்டுவிட்டு, சாதாரண வாடிக்கையாளர் போல் கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து, ஒரே மாடலில் ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளை வாங்க வேண்டும். எண்ணிக்கை தெரிந்த அளவு பாக்டீரியாவைக் கலந்த நீரை உள்ளே விட்டு, வெளியே வருவதில் எத்தனை எஞ்சியது என்று ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். வடிகட்டி இத்தனை ஆயிரம் லிட்டர் தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், அத்தனை ஆயிரம் லிட்டரையும் அதன் வழியாக ஓடவிட்டு, ஓட்டத்தின் முடிவில் மறுபடியும் அதே சோதனையைச் செய்ய வேண்டும். பத்து பிராண்டுகளுக்கு இதைச் செய்து முடிக்க மாதக் கணக்கில் ஆகும். கருவிகளின் விலை, ஆய்வகக் கட்டணம், நுண்ணுயிரியல் தெரிந்தவர்களின் சம்பளம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். இந்தச் செலவைக் கொடுக்கக் கூடியவர்கள் விற்பவர், அரசு, வாங்குபவர் என்ற மூவர்தாம். விற்பவர் கொடுத்தால் முடிவு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வாங்குபவர்களே கொடுப்பது என்ற ஏற்பாட்டை அமெரிக்காவில் 1936-இல் தொடங்கிய கன்ஸ்யூமர்ஸ் யூனியன், தன் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழின் மூலம் நடத்திக் காட்டியது. விளம்பரம் வாங்குவதில்லை, சோதிக்கும் பொருளைக் கடையில் காசு கொடுத்தே வாங்குவது என்ற இரண்டு விதிகளின் மேல் அது நிற்கிறது. பிரிட்டனில் 1957-இல் தொடங்கிய ‘விச்’ இதழும் இதே வழியில் வந்தது. ஜெர்மனியில் 1964-இல் அரசே நிறுவிய ‘ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட்’ என்ற சோதனை அமைப்பு, விளம்பரம் வாங்காமல் இருப்பதற்கு ஈடாக அரசிடமிருந்து மானியம் பெற்று வந்திருக்கிறது. சந்தாதாரரின் பணம் ஆய்வகத்துக்கு மட்டும் போவதில்லை, நீதிமன்றத்துக்கும் போகிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். போஸ் நிறுவனத்தின் ஒலிபெருக்கியைப் பற்றி 1970-இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் எழுதிய சில வரிகளுக்காகத் தொடரப்பட்ட வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1984-இல்தான் இதழுக்குச் சாதகமாக முடிந்தது. சுசுகி சாமுராய் வண்டி திருப்பங்களில் எளிதில் கவிழக்கூடியது என்று 1988-இல் எழுதியதற்காக 1996-இல் தொடரப்பட்ட வழக்கோ, 2004-இல் பணம் எதுவும் கைமாறாமல் சமரசத்தில் முடிந்தது. கைப்பேசியை மேசைமேல் வைத்துத் தனியாளாகக் காணொளி எடுக்கும் ஓர் இளைஞர், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றே காணொளியை நீக்கிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

நம் நாட்டில் இத்தகைய முயற்சியே இல்லை என்று எண்ண வேண்டாம். அகமதாபாதில் 1978-இல் தொடங்கிய நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் சொந்த ஆய்வகம் வைத்துப் பொருள்களை ஒப்பிட்டுச் சோதித்து வந்திருக்கிறது. டெல்லியில் இயங்கும் ‘கன்ஸ்யூமர் வாய்ஸ்’ அமைப்பும் ஒப்பீட்டுச் சோதனைகளை வெளியிட்டு வந்திருக்கிறது. சோதனையில் ஆழம் இருந்தால் என்ன தெரியவரும் என்பதற்கு, சந்தா இதழ் அல்லாத ஓர் அமைப்பு செய்த வேலை நல்ல சான்று. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020-இல் 13 பிராண்டுத் தேன்களை வாங்கிச் சோதித்தபோது, இந்திய விதிமுறைகள் கேட்கும் சோதனைகளில் பெரிய பிராண்டுகள் ஏறக்குறைய எல்லாமே தேறின. அதே தேன்களை ஜெர்மனியில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி சர்க்கரைப் பாகுக் கலப்பைக் கண்டறியும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறையில் சோதித்தபோது 10 பிராண்டுகள் தேறவில்லை. குறிப்பிட்ட நிறுவனங்கள் அந்த முடிவை மறுத்தன என்பதும் உண்மை. ஆனால் அந்தச் செலவை யாரோ ஒருவர் ஏற்காமல் போயிருந்தால் அப்படி ஒரு கேள்வியே எழுந்திருக்காது.

இலவச மதிப்பாய்வு உண்மையில் இலவசமல்ல என்பதை வாசகர்கள் பலரும் அறிவார்கள். காணொளியின் கீழே உள்ள இணைப்பை அழுத்திப் பொருளை வாங்கினால், அந்த இணைப்பில் உள்ள குறியீட்டைக் கொண்டு இணையக் கடை அந்த மதிப்பாய்வாளருக்குக் கமிஷன் கொடுக்கிறது. இதனால் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிக் கல்யாணத் தரகரிடம் விசாரிக்கிறோம் என்ற நினைவோடு கேட்டுக்கொண்டால் அவர்களிடமிருந்தும் உபயோகமான செய்திகள் கிடைக்கும். கமிஷன் முறையின் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. ‘இதை வாங்குங்கள்’ என்பதற்குக் கமிஷன் உண்டு, ‘இதைவிட அதை வாங்குங்கள்’ என்பதற்கும் உண்டு. ‘உங்களுக்கு இது தேவையே இல்லை’ என்பதற்கு எங்கும் கமிஷன் கிடையாது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் திடப்பொருள் உள்ள குழாய்த் தண்ணீர் வரும் வீட்டுக்குச் சரியான அறிவுரை, ஆர்.ஓ. வேண்டாம், கொதிக்க வைத்து ஆறவிட்டுக் குடியுங்கள் அல்லது உப்பை நீக்காமல் கிருமியை மட்டும் நீக்கும் கருவியை வாங்குங்கள் என்பதுதான். ‘சிறந்த பத்து ஆர்.ஓ. கருவிகள்’ என்ற தலைப்பில் வரும் எந்தப் பட்டியலிலும் அந்தப் பதினோராவது வழி இடம்பெறாது.

ஆகவே மதிப்பாய்வுக்கு முன்பே ஒரு செலவு செய்யலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தித் தங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். விற்பனையில் பங்கில்லாத ஒருவரிடம், நம் வீட்டுக்கென்றே வாங்கும் மதிப்பாய்வு அது. எத்தனையோ ஆயிரங்களைக் கொட்டிக் கருவி வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்த ஆய்வக வாசலை மிதித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

பணம் கட்டிப் படிக்கும் மதிப்பாய்விலும் குறையுண்டு என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அது சரியே. குழந்தைகளுக்கான கார் இருக்கைகளில் பெரும்பாலானவை மோதலைத் தாங்கவில்லை என்று கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2007 ஜனவரியில் அறிவித்தது. மணிக்கு 38 மைல் என்று கருதி நடத்திய பக்கவாட்டு மோதல் சோதனை உண்மையில் 70 மைலுக்கு மேற்பட்ட வேகத்துக்கு ஒப்பானது என்று அரசுத் துறை சுட்டிக்காட்டியதும், அதே மாதத்திலேயே அறிக்கையைத் திரும்பப் பெற்றது. ரிட்டர் ஸ்போர்ட் சாக்லேட்டின் நறுமணப் பொருள் பற்றிய வழக்கில் ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் 2014-இல் மியூனிக் நீதிமன்றங்களில் தோற்றது. இன்னும் கவனிக்க வேண்டியது, இந்த அமைப்புகளே இப்போது வேறு வகையிலும் பணம் ஈட்டுகின்றன என்பது. ‘விச்’ தரும் பரிந்துரை முத்திரையை விளம்பரத்தில் போட்டுக்கொள்ள நிறுவனங்கள் கட்டணம் செலுத்துகின்றன. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸின் இணையதளத்திலும் கமிஷன் தரும் கடை இணைப்புகள் வந்துவிட்டன. அவற்றை வெளிப்படையாக அறிவித்துத்தான் செய்கிறார்கள் என்றாலும், எனக்கு அது உறுத்தலாகவே இருக்கிறது. சந்தாதாரர் மட்டுமே படியளப்பவராக இருந்த காலத்தின் உறுதி இதில் இல்லை. ஆயினும் தவறு நேர்ந்தால் சோதனை முறையை வெளியிட்டு, பிறர் அதைப் பிழையென்று காட்ட இடம் கொடுத்து, பகிரங்கமாகத் திரும்பப் பெறும் பழக்கம் அங்கே இருக்கிறது.

அதற்காக வெளிநாட்டு இதழ்களுக்கு நாம் சந்தா கட்டுவது பெரும்பாலும் வீண் என்றே சொல்வேன். அங்கே சோதிக்கும் மாடல் இங்கே வருவதில்லை. வந்தாலும் பெயர் ஒன்றாகவும் உள்ளிருப்பது வேறாகவும் இருக்கும். உளுந்தை அரைக்கும் கிரைண்டரையும், ஆழ்துளைக் கிணற்று நீரில் துவைக்கும் சலவை இயந்திரத்தையும் அவர்கள் சோதிக்கப் போவதில்லை. அதேபோல் அரசின் முத்திரையில் ஏற்கெனவே உள்ள செய்திக்கும் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. மின்விசிறிகளுக்கு 2023 ஜனவரி முதல் எரிசக்திச் சிக்கன வாரியத்தின் நட்சத்திரக் குறி கட்டாயமாகிவிட்டது. பழைய வகை விசிறி சுமார் 75 வாட் எடுக்குமிடத்தில் பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவில் ஓடுகிறது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுற்றினால் ஆண்டில் ஏறக்குறைய 200 யூனிட் மிச்சம். இதைக் கணக்கிட வீட்டில் உள்ள பள்ளிப் பிள்ளையே போதும்.

இனி, தனித்தனியாகக் கட்ட வேண்டியதில்லை என்று சொன்னதற்கு வருகிறேன். ஒரு குடும்பம் தண்ணீர்க் கருவியைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறையும், குளிர்சாதனப் பெட்டியை அதைவிட அரிதாகவும்தான் வாங்குகிறது. அதற்காக ஆண்டுதோறும் சந்தா கட்டுவது நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகாது. கட்டினாலும் வாங்கும் மாதத்தைத் தவிர மற்ற மாதங்களில் யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. ஆனால் ஒரு நகரத்தை எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் இவற்றை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார். 1948-இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு சேர்த்து ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியை நாம் கட்டி வருகிறோம். மாவட்ட மைய நூலகங்களில் வார இதழ்களும் போட்டித் தேர்வு இதழ்களும் நிறைந்திருக்கும் மேசையில், பொருள்களைச் சோதித்து எழுதும் இந்திய இதழ் ஒன்றும் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல பொது நூலகங்கள் இந்தச் சந்தாவைக் கட்டித் தம் வாசகர்களுக்கு இலவசமாகத் திறந்துவிடுகின்றன. நூலகத் துறை ஒருபடி மேலே சென்று, சோதனை முடிவுகளைத் தமிழில் தர முன்வரும் அமைப்புக்கு மொத்தச் சந்தா உறுதி அளித்தால், ஆங்கிலம் தடையாக உள்ள வீடுகளுக்கும் அது போய்ச் சேரும்; சந்தா எண்ணிக்கை குறைந்து நலிந்து கிடக்கும் நுகர்வோர் ஆய்வகங்களுக்கும் நிலையான வருவாய் கிடைக்கும். மாநிலத்தில் உள்ள பொறியியல் கல்லூரி ஆய்வகங்கள் இதில் பங்கெடுக்க முடியும் என்பதையும் துறையினர் பரிசீலிக்கலாம்.

கடைசியாகத் தங்களிடமே ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் புதிய கைப்பேசிகளையும் இருசக்கர வாகனங்களையும் பற்றிய அறிமுகங்கள் வருகின்றன. அவற்றை எழுதியவர் அந்த வண்டியை நிறுவனத்திடமிருந்து எத்தனை நாளைக்கு வாங்கி ஓட்டினார், வெளியூரில் நடந்த அறிமுக விழாவுக்குப் பயணச் செலவை யார் கொடுத்தார்கள், அதே இதழில் அந்த நிறுவனத்தின் விளம்பரம் இருக்கிறதா என்ற விவரங்கள் இதுவரை இடம்பெற்றதாக நினைவில்லை. சமூக ஊடகங்களில் பொருள்களைப் பரிந்துரைப்பவர்கள், தாம் பெற்ற பணம், இலவசப் பொருள், பயணம் போன்ற தொடர்புகளை எளிய சொற்களில் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. இணைய மதிப்புரைகளுக்கென ஐ.எஸ். 19000 என்ற தரமும் 2022 முதல் இருக்கிறது. இருபது வயதுக் காணொளிக்காரரிடம் எதிர்பார்ப்பதை நாளிதழிடமும் எதிர்பார்க்கலாம் அல்லவா? ஒவ்வொரு அறிமுகக் கட்டுரையின் அடியிலும், சோதித்த பொருள் எங்கிருந்து வந்தது, செலவு யாருடையது என்று ஒரே ஒரு வரி அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை இணைப்பிலேயே அதைத் தொடங்கினால் மகிழ்ச்சி அடைவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
ஈரோடு.